சாதா சாண்ட்விச்சுக்கு ஒரு வக்காலத்து

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு சீஸ் மேல தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. கொடுத்தா சாப்பிடுவேன். ஓசியில கொடுத்தா ரெண்டு சாப்பிடுவேன். ஆனா போன மாசம் எங்க காலேஜ் கேன்டீன்ல நடந்த அநியாயத்தைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல.

மெனு போர்டை மாத்தினாங்க. பழைய போர்டுல முதல் வரி 'வெஜ் சாண்ட்விச் – 35 ரூபாய்'. புது போர்டுல அந்த வரியே காணோம். எடுத்த எடுப்புலயே 'சீஸ் கிரில் – 90'. அதுக்குக் கீழ சீஸ் சில்லி கிரில், சீஸ் கார்ன் கிரில், ஷெஸ்வான் சீஸ் கிரில், பனீர் தந்தூரி சீஸ் கிரில்னு வரிசையா ஏறுது. கவுண்டர்ல இருந்தவர்கிட்ட "சாதா இல்லையா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இப்ப யார் சாப்பிடறாங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே இந்தியில சொன்னார்.

நான் சாப்பிடறேன் ஐயா! என் பெஞ்ச்ல உக்கார்றவனும் சாப்பிடறான். அவன் கல்யாணுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்றவன். 7 மணி லெக்சருக்கு வரணும்னா விடிகாலையில ரயிலைப் பிடிக்கணும். வீட்டுல அந்த நேரத்துக்கு டப்பா கட்ட முடியாது. ஒரு நாள் செலவுக்கு அவன் கையில 50 ரூபாய். 35-க்கு சாண்ட்விச், 10-க்கு கட்டிங் சாய், மீதி 5 ரூபாய் சேமிப்பு. போர்டு மாறினதுலேருந்து சாயும் பிஸ்கட்டும்தான். கேட்டா "பசிக்கலடா"ங்கிறான். ரெண்டு வருஷமா பசிச்சவனுக்கு போர்டு மாறின அன்னைக்கு எப்படிங்க பசி நின்னு போகும்?

சரி, தமிழ்நாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்காக சாதா சாண்ட்விச்னா என்னன்னு சொல்லிடறேன். ஏன்னா திருநெல்வேலியிலேருந்து வந்த சித்தப்பா ஒருத்தர் இதைப் பார்த்துட்டு "பச்சைக் காயை பிரட்டுக்கு நடுவுல வெச்சுத் தர்றதுக்குக் காசா?"ன்னு கேட்டார். ரெண்டு ஸ்லைஸ் வெள்ளை பிரட். ரெண்டுலயும் ஓரம் வரைக்கும் உப்பு வெண்ணெய். அது மேல கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைச்ச சட்னி. அப்புறம் வேகவெச்ச உருளைக்கிழங்கு, வேகவெச்ச பீட்ரூட், வெள்ளரிக்கா, தக்காளி, வெங்காயம், எல்லாம் வட்ட வட்டமா. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல சாட் மசாலா. மூடி, ஓரத்தைச் சீவி, துண்டு போட்டு, பக்கத்துல கெச்சப். அவ்ளோதான். அடுப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். சித்தப்பா அன்னைக்கு ரெண்டு பிளேட் சாப்பிட்டார்ங்கிறதையும் பதிவு பண்ணிக்கறேன் :)

வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவறது ருசிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. தக்காளி, வெள்ளரிக்கா தண்ணி பிரட்டுல இறங்காம தடுக்கிறதே அந்த வெண்ணெய்தான். வெண்ணெயில கஞ்சத்தனம் பண்ணினா பத்து நிமிஷத்துல பிரட் நஞ்சுடும்.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். சாதா சாண்ட்விச்சால பொய் சொல்ல முடியாது. கிரில்லால முடியும்.

பிரட் பழசாகிறதுன்னா வெறுமனே காய்ஞ்சு போறது இல்ல. வேகும்போது இளகின ஸ்டார்ச், ஆறின பிறகு கொஞ்சம் கொஞ்சமா மறுபடி இறுகுது. ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னும் வேகமா இறுகும். ஆனா அதையே 60 டிகிரிக்கு மேல சூடாக்கினா இறுக்கம் தளர்ந்து, பழைய பிரட் கொஞ்ச நேரத்துக்குப் புது பிரட் மாதிரி நடிக்கும். வெளிப்பக்கம் பொன்னிறமா முறுகினா வாசனை வேற தூக்கும். நேத்து பிரட்டா, முந்தாநேத்து பிரட்டான்னு யாருக்குத் தெரியும்? உள்ள தக்காளி கூழாகி இருந்தாலும் உருகின சீஸ் மூடிடும். சாதாவுல இந்த வித்தை எதுவும் பலிக்காது. அன்னைக்கு பிரட்டா இருக்கணும், வெள்ளரிக்கா கடிச்சா சத்தம் வரணும், சட்னி பச்சையா இருக்கணும். ஒண்ணு தப்பினாலும் முதல் கடியிலேயே மாட்டிக்குவாங்க. கேன்டீன்காரங்களுக்கு சாதா ஏன் பிடிக்கலன்னு இப்பப் புரியுதா?

நான் காமர்ஸ் பையன், கணக்கு போடாம விட மாட்டேன். 35-க்கும் 90-க்கும் வித்தியாசம் 55 ரூபாய். கூடுதலா என்ன கிடைக்குது? துருவின சீஸ், கொஞ்சம் மயோனைஸ், மூணு நிமிஷ மின்சாரம். ஒரு சீஸ் க்யூப் கடையில சில்லறை விலைக்கு வாங்கினாலே 20 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். மொத்தமா வாங்கறவங்களுக்கு இன்னும் குறைவு. பிரட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சீஸ், வெண்ணெய் ரெண்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்துலேருந்து 5 சதவீதமா குறைச்சாங்க. சரக்கோட வரி குறைஞ்சதுக்கு அப்புறம்தான் எங்க போர்டுல விலை ஏறினது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல இப்படி ஒரு ஷீட் எழுதினா எங்க மேடம் சிவப்பு மசியில வட்டம் போட்டிருப்பாங்க.

சூடா, குளிரான்னு சண்டை போடறது நான் மட்டும் இல்லீங்க. பிரிட்டன்ல இதுக்கு கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. அங்க 1984லேருந்து, சூடா வாங்கி வெளியே எடுத்துட்டுப் போற சாப்பாட்டுக்கு வாட் வரி உண்டு. இப்ப அது 20 சதவீதம். அதே கடையில குளிர்ந்த சாண்ட்விச்சை வாங்கி வெளியே எடுத்துட்டுப் போனா வரி பூஜ்யம். சப்வே கடைகள் நடத்தின ஒரு கம்பெனி, எங்க டோஸ்ட் சாண்ட்விச்சுக்கு வரி போடக் கூடாதுன்னு வழக்கு போட்டு, 2014ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போய்த் தோத்துது. 2012 பட்ஜெட்ல நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் சூடான பேஸ்டிக்கெல்லாம் இந்த வரியை இழுக்கப் பார்த்தார். ஊரே கொந்தளிச்சதுல ரெண்டு மாசத்துல பின்வாங்கினார்.

சிரிக்கலாம். ஆனா அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி இருக்கிற யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. சாப்பாடு அத்தியாவசியம், அதுக்கு வரி வேண்டாம். சுடச்சுட பண்ணித் தர்றது சேவை, அதுக்குக் கொடு. எங்க கேன்டீன் பண்ணினது நேர் எதிர். சாப்பாட்டைத் தூக்கிட்டு சேவையை மட்டும் விக்குது. வேணும்கிறவன் கூடுதல் காசு கொடுத்து சீஸ் போட்டுக்கட்டும், யார் வேண்டாம்னா? அடிப்படையையே எடுத்துட்டு 'சாய்ஸ்'னு பேசக் கூடாது.

எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு இருக்கு, அது பலமான வாதம். "மும்பை மழையில பச்சைக் காய் சாப்பிட்டா மஞ்சள் காமாலைதான் வரும், சூடு பண்ணினா கிருமி செத்துடும்." பாதி உண்மை. கழுவின தண்ணி சரியில்லன்னா சாதா ஆபத்துதான், மறுக்கல. ஜூலை மாசத்துல நானே தெருவுல சாதா சாப்பிட மாட்டேன். ஆனா கிரில் காப்பாத்தும்னு நம்பாதீங்க. மூணு நிமிஷத்துல வெளிப்பக்கம் வரிவரியா கருகும், உள்ள இருக்கிற வெள்ளரிக்கா வெதுவெதுப்பாதான் ஆகும். நம்பிக்கை இல்லன்னா பிரிச்சுத் தொட்டுப் பாருங்க. பிரச்சனை தண்ணியிலன்னா தண்ணியைத்தான் சரி பண்ணணும். அதுவும் ஒரு காலேஜ் கேன்டீன்ல, ஃபில்டர் தண்ணி பத்தடியில இருக்கும்போது!

இதுல இன்னொரு கூத்து. கிரில் ஆகி வெளியே வந்த பிறகுதான் மேல மயோனைஸைப் பிழியறாங்க. பச்சை முட்டை மயோனைஸை தெலங்கானா 2024 அக்டோபர்லயும், தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8லேருந்தும் ஓராண்டுக்குத் தடை பண்ணினாங்க. சால்மொனெல்லா மாதிரி கிருமிகளுக்கு அது தோதான இடம்ங்கிறதுதான் காரணம். எங்க கேன்டீன்ல இருக்கிறது முட்டை இல்லாததுதான், ஒத்துக்கறேன். ஆனா திறந்த பாட்டில் நாள் முழுக்க வெயில் படற மேடையிலேயே இருக்கு. வெள்ளரிக்காயைக் கண்டு பயப்படறவங்க அந்த பாட்டிலையும் ஒரு தடவை பார்க்கலாம்.

"கேட்டுக்கு வெளியே சாண்ட்விச்வாலா இருக்காரே, அங்க போயேன்"னு சில பேர் சொன்னாங்க. போறோம். 20 நிமிஷ இடைவேளையில கூட்டத்துல நின்னு வாங்கி, திரும்ப ஐடி கார்டு காட்டி, மூணு மாடி ஏறணும். அங்க நின்னு பார்த்ததுல ஒண்ணு தெரிஞ்சுது. வாங்கினவங்கள்ல பாதிக்கு மேல சாதாவும் சாதா டோஸ்ட்டும்தான். யாரும் சாப்பிடறதில்லன்னு சொன்னாங்களே, அந்த 'யாரும்' எல்லாம் இங்கதான் வரிசையில நிக்கறாங்க. போர்டுல இல்லாததை யார் கேப்பாங்க? கேக்காததை டிமாண்ட் இல்லன்னு எழுதிக்கறாங்க. மைக்ரோ எகனாமிக்ஸ் முதல் பாடத்துலயே ஃபெயில்.

சூட்டுக்கு நான் எதிரின்னு நினைச்சுடாதீங்க. என் பட்டியல் இதோ:

குளிர்ந்ததுல,
1. மேல சொன்ன சாதா வெஜ். நிரந்தர முதலிடம்.
2. அம்மா பண்ற சட்னி சாண்ட்விச். வெண்ணெயும் சட்னியும் மட்டும். சட்னியில கொஞ்சம் தேங்காய் சேர்ப்பாங்க, மும்பைக்காரங்க மன்னிக்கணும்.
3. தக்காளி, வெள்ளரிக்கா, மிளகுத்தூள். பரீட்சை ராத்திரிக்கு.

சூடானதுல,
1. மசாலா டோஸ்ட். நீளக் கைப்பிடி வெச்ச அலுமினிய டோஸ்டர்ல, நேரா தீயில காட்டிப் பண்றது. உள்ள மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு மசாலா, நம்ம மசாலா தோசைக்குள்ள இருக்கிறதோட சித்தப்பா பையன். மழைக்காலத்துக்கு இதுதான் சரி.
2. சில்லி சீஸ் டோஸ்ட். ஆமா, சீஸ்தான். மாசம் ஒரு தடவை, பாக்கெட் மணி வந்த அன்னைக்கு.

மாசம் ஒரு தடவை சாப்பிடறதை தினமும் சாப்பிடுன்னு போர்டு வெச்சா எப்படி? அதான் என் கேள்வி.

கேன்டீன் கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதி, வகுப்புல கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கோம். கேட்டது மூணே மூணு. சாதா சாண்ட்விச் மறுபடி போர்டுல முதல் வரியா வரணும். விலை 40-க்கு மேல போகக் கூடாது (5 ரூபாய் ஏத்திக்க நாங்களே சம்மதிக்கிறோம், பெரிய மனசு). காய் கழுவ ஃபில்டர் தண்ணி. பதில் இன்னும் வரல. என் பெஞ்ச்மேட் முதல் ஆளா கையெழுத்து போட்டான். பசிக்கலன்னு சொன்ன அதே ஆள்தான்!

டிஸ்கி: இதை எழுதி முடிச்சப்போ ராத்திரி மணி 11. வீட்டுல பிரட் இருக்கு, வெள்ளரிக்கா இல்ல. வெண்ணெயும் சட்னியும் போட்டு சமாளிச்சாச்சு.