கோபுரத்துக்குக் கும்பிடு, கூரைக்குக் கடப்பாரை

ரயில் நிலையக் கட்டடக்கலை குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வேடிக்கை உண்டு. மணிக்கூண்டு வரும், குவிமாடம் வரும், செங்கல்லின் நிறமும் சாளரத்தின் வளைவும் விரிவாக வரும். அத்தோடு கட்டுரையாளர் வாசலிலேயே நின்று விடைபெற்றுக்கொள்வார். உள்ளே, வண்டிகள் வந்து நிற்குமிடத்தில், தலைக்குமேல் விரிந்திருக்கும் கூரையைப் பற்றி ஒரு வரியும் இராது. அது பொறியாளரின் வேலை, கலையன்று என்பது சொல்லாமல் சொல்லப்படும் தீர்ப்பு. இத்தீர்ப்பு பிழையானது, அதோடு, இடிப்பவர்களுக்குத் துணைபோவது.

இதன் மூலத்தைத் தேடினால் ஜான் ரஸ்கினிடம் போய் நிற்போம். 1849-இல் வெளிவந்த 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் அவர் இரண்டு கருத்துகளை வைத்தார். இரும்பைத் தாங்குபொருளாகக் கொண்டது மெய்யான கட்டடக்கலை ஆகாது என்பது ஒன்று. ரயில் நிலையத்துக்கு அலங்காரமே கூடாது, அவசரத்தில் ஓடுபவனுக்கு அழகைப் பார்க்க நேரமேது என்பது மற்றொன்று. பின்வந்தவர்கள் இரண்டாவது கருத்தைக் காற்றில் விட்டுவிட்டு நிலைய முகப்புகளை அலங்காரத்தால் நிறைத்தார்கள். முதல் கருத்தை மட்டும் வேதமாக்கிக்கொண்டார்கள். ரஸ்கின் பிழைபட்டிருக்கலாம்; ஆனால் அவர் வாதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவர் பெயரால் முகப்பை மட்டும் வணங்குபவர்களிடம் அந்த ஒழுங்கும் இல்லை.

லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1873-இல் திறக்கப்பட்ட செந்நிற விடுதிக் கட்டடமே அதன் முகமாக உலகெங்கும் அறியப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1868-இல், விடுதியின் பின்னால் வில்லியம் ஹென்றி பார்லோவின் கூரை எழுந்து வண்டிகளும் ஓடத் தொடங்கிவிட்டன. 240 அடி அகலம், ஏறத்தாழ 690 அடி நீளம், 100 அடி உயரம். இடையில் ஒரு தூண் கிடையாது. ஒரே வளைவில் அத்தனை அகலத்தைத் தாவிய கூரை அன்று உலகில் வேறெங்கும் இல்லை.

ஆனால் அளவு பெரிய செய்தியன்று. அது எப்படி நிற்கிறது என்பதே செய்தி. வளைவு என்பது தன் பாதங்களை இருபுறமும் வெளியே தள்ளுவது. அதைத் தடுக்கப் பெரும் சுவர்களை முட்டுக்கொடுக்கலாம். அல்லது இரு பாதங்களையும் இழுகம்பியால் பிணைக்கலாம். அக்காலக் கூரைகள் பலவற்றில் கம்பிகள் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பார்லோவுக்கோ வேறொரு வசதி கிடைத்தது. ரீஜென்ட் கால்வாயைக் கடந்து வரவேண்டியிருந்ததால் தண்டவாளங்கள் தெருமட்டத்துக்கு ஏறத்தாழ 20 அடி மேலே வந்தன. அந்த உயர்ந்த தளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களையே அவர் இழுகம்பிகளாக்கினார். வளைவின் இரு பாதங்களையும் பயணி நடக்கும் தரையே பிணைத்து நிறுத்துகிறது. மேலே வெளி திறந்து கிடக்கிறது. தளத்தின் கீழே பர்ட்டன் நகரத்து பீர்ப் பீப்பாய்களுக்கான கிடங்கு. அங்குள்ள தூண்களின் இடைவெளியைப் பீப்பாயின் அளவே தீர்மானித்தது.

யாப்பு என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்று பொருள். எதுகையையும் மோனையையும் மட்டும் எண்ணிவிட்டுச் செய்யுளைக் கற்றுவிட்டதாகச் சொல்லும் மாணவனை எந்தத் தமிழாசிரியர் ஏற்பார்? சீரும் தளையும் தெரியுமா என்று கேட்கமாட்டாரா? பார்லோவின் கூரையில் யாப்பே அழகாக நிற்கிறது. ஸ்காட்டின் முகப்பில் அணி நிற்கிறது. அணியை நான் இகழவில்லை. யாப்பைச் செய்யுளில் சேர்க்க மறுக்கும் பார்வையைத்தான் மறுக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்க்க வேண்டும். நீராவி எஞ்சினின் புகை மேலேறிக் கலையவே அத்தனை உயரம் வேண்டியிருந்தது. புகை போனபின் உயரம் எதற்கு என்கிறார்கள். பராமரிப்புச் செலவு, ஆபத்து என்றும் அடுக்குகிறார்கள். ஆபத்து பொய்யன்று. 1905 டிசம்பர் 5 அன்று லண்டன் சேரிங் கிராஸ் நிலையக் கூரையின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் மாண்டார்கள். பற்றவைப்பில் குறையிருந்த ஓர் இழுகம்பி முறிந்ததே காரணம். ஆனால் இது கூரையை அறிந்து பேண வேண்டும் என்பதற்குச் சான்று. கூரையே வேண்டாம் என்பதற்குச் சான்றன்று.

புகை வாதத்துக்கு நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையம் விடை தருகிறது. 1910-இல் அது திறக்கப்பட்டபோதே அங்கு ஓடியவை மின்சார வண்டிகள். போக்குவதற்குப் புகையே இல்லை. இருந்தும் எஃகும் கண்ணாடியுமாய் உயர்ந்த கூரையொன்றைப் பயணிகள் கூடும் இடத்தின்மேல் எழுப்பினார்கள். காரணம், ஒளி, நிலத்தடியிலிருந்து ஏறி வருபவன் நகருக்குள் வந்துவிட்டோம் என்று தலைநிமிர்ந்து உணர்தல். 1963-இல் அதை இடிக்கத் தொடங்கி, மேலே விளையாட்டரங்கு கட்டினார்கள். பயணிகள் தாழ்ந்த கூரையின்கீழ் தலைகுனிந்து நடக்கலாயினர். பின்னர் 2021-இல், எதிரேயிருந்த பழைய அஞ்சலகக் கட்டடத்தின் எஃகுச் சட்டங்கள்மீது கண்ணாடி வேய்ந்து புதிய கூடம் திறக்க வேண்டியிருந்தது. புகையற்ற இக்காலத்தில் அதே நகரம் ஏன் மறுபடி உயரத்தையும் ஒளியையும் தேடிப் போயிற்று?

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தின் 1854-ஆம் ஆண்டுக் கூரை 200 அடிக்கு மேற்பட்ட அகலத்தை ஒரே தாவில் கடந்தது. உலகப்போரின் குண்டுவீச்சில் சிதைந்தபின் அதைப் பிரித்தெறிந்தார்கள். 1960-களில் தண்டவாளங்களின்மேல் கான்கிரீட் தளம் போட்டு அதன்மீது வணிக வளாகம் எழுப்பினார்கள். 2015-இல் மேல்தளத்துக்கு ஒளிமிக்க கூடம் வந்தது. வண்டிக்குக் காத்திருக்கும் நடைமேடைகள் இன்னும் இருண்டே இருக்கின்றன. கடைக்கு வெளிச்சம், பயணிக்கு இருட்டு.

செயின்ட் பாங்க்ராஸ் தப்பியது 1967-இல் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றதால். அதற்குப் போராடியவர்களுள் முதன்மையானவர் ஜான் பெட்ஜமன் என்ற கவிஞர். 2007-இல் நிலையம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டபோது அவருக்கு அங்கே ஒரு சிலை வைத்தார்கள். வாசலில் நின்று முகப்பைப் பார்க்கும் சிலையன்று அது. நடைமேடைத் தளத்தில், தொப்பியைக் கையால் பிடித்தபடி, பார்லோவின் கூரையை அண்ணாந்து பார்க்கும் சிலை.

சென்னை எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வினின் முகப்பையும் குவிமாடங்களையும் புகழாத நாளேடில்லை. அதன் நடைமேடைகளின்மேல் வளைந்து நிற்கும் இரும்புக் கூரையை எழுதியவர் எத்தனை பேர்? 2022-இல் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்ட நிலையம் அது. இவ்வகைத் திட்டம் எதுவாயினும் 'முகப்பைக் காப்போம்' என்ற உறுதிமொழி எளிதாகக் கிடைத்துவிடும். அதைக் கேட்டு மனநிறைவோடு வீடு திரும்புவோமானால், உள்ளே எது கழற்றப்பட்டாலும் கேட்க ஆளிராது. எழுதப்படாத ஒன்றைக் காக்கச் சொல்லி எவரும் மனுக்கொடுப்பதில்லை.

ஆகவே எழுதுபவர்களிடம் ஒரே கோரிக்கை. அடுத்தமுறை ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுமுன் நடைமேடைச் சீட்டு ஒன்று வாங்கி உள்ளே போங்கள். வளைவின் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது, அதைப் பிணைப்பது எது, ஒளி எவ்வழி இறங்குகிறது என்று பாருங்கள். அதன்பிறகும் இது கலையன்று என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள். பார்த்து மறுப்பவரோடு வாதிடலாம். வாசலோடு திரும்பியவரோடு எதை வாதிடுவது?