'கண் சிமிட்டுங்க' எனக் கேட்கும் ஆப்... சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? டிஜிட்டல் வசதியும் சுயமரியாதையும் - ஒரு பார்வை

வங்கிக் கணக்கு தொடங்க வேண்டுமா? ஆதார் எண்ணைப் போடுங்கள், செல்ஃபி எடுங்கள், ஒருமுறை கண் சிமிட்டுங்கள். அவ்வளவுதான், 5 நிமிடத்தில் வேலை முடிந்தது. விளம்பரங்கள் இப்படித்தான் சொல்கின்றன. ஆனால், கண் சிமிட்டவே முடியாத ஒருவருக்கு அந்த 5 நிமிட வேலை உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய வழக்காக மாறியது.

என்ன நடந்தது?

2023-ம் ஆண்டு, ஆசிட் வீச்சில் உயிர் பிழைத்த பெண் ஒருவர் கணக்கு தொடங்க வங்கிக்குச் சென்றார். டிஜிட்டல் கேஒய்சி-க்காக கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரது கண்களும் முகமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததால் அது முடியவில்லை. போட்டோவை வைத்து யாரும் ஏமாற்றிவிடக் கூடாது, கேமரா முன் இருப்பவர் நிஜ மனிதர்தான் என்று உறுதி செய்யவே இந்தச் சோதனை. அந்தச் சோதனையில், எதிரே நிஜமாகவே நின்ற ஒருவர் 'தேறவில்லை'.

இவரது வழக்குடன், பார்வை மாற்றுத்திறனாளியான வழக்கறிஞர் ஒருவர் தொடர்ந்த வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. முகத்தை வட்டத்துக்குள் சரியாக வைப்பது, அட்டையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று பார்த்து போட்டோ எடுப்பது, சில நொடிகளுக்குள் ஓடிபி போடுவது என ஒவ்வொரு படியிலும் பார்வை உள்ள ஒருவரின் உதவி தேவைப்படுகிறது என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

தீர்ப்பு சொன்னது என்ன?

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30-ம் தேதி தீர்ப்பு வழங்கியது. டிஜிட்டல் சேவைகளைப் பெறும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. கூடவே 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. அவற்றில் முக்கியமானவை:

- கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளிலும் 'நிஜ மனிதர்தான்' என்று உறுதி செய்ய வழி வேண்டும்.
- கையெழுத்துப் போட முடியாதவர்களின் பெருவிரல் ரேகையை டிஜிட்டல் கேஒய்சி-யிலும் ஏற்க வேண்டும்.
- நேரில் சென்று காகித வடிவில் கேஒய்சி செய்யும் வழியும் தொடர வேண்டும்.
- ஆப்களையும் இணையதளங்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும். சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும்.
- மெஷின் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் மறுபடி பார்க்க வழி இருக்க வேண்டும்.

'யாரையாவது கேட்டு செஞ்சுக்கோங்க'

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் ஓர் ஆப்பைத் தொடர்ந்து பயன்படுத்துகிறாரா, ஒரே நாளில் கைவிடுகிறாரா என்பதை அவரது மனதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் அடிக்கடி கேட்கும் பதில், 'யாரையாவது கேட்டு செஞ்சுக்கோங்க' என்பதுதான். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதன் அர்த்தம் என்ன? உங்கள் பின் நம்பரை இன்னொருவரிடம் சொல்லுங்கள், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குக் காட்டுங்கள், அவருக்கு நேரம் கிடைக்கும் வரை காத்திருங்கள் என்பதுதான். 'ஓடிபி-யை யாரிடமும் பகிராதீர்கள்' என்று தினமும் எஸ்எம்எஸ் வருகிறது. அந்த எஸ்எம்எஸ்ஸையே இன்னொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது?

இங்கே மூன்று உணர்வுகள் வேலை செய்கின்றன. ஒன்று பயம்: 'தப்பா அழுத்தி பணம் போயிட்டா?' இரண்டாவது கூச்சம்: 'மறுபடி மறுபடி கேட்டா பையன் எரிச்சல்படுவான்.' மூன்றாவது சுயமரியாதை: 'என் பணத்தை எடுக்க நான் ஏன் இன்னொருத்தர் தயவை எதிர்பார்க்கணும்?' இந்த மூன்றும் சேரும்போது, பலர் சத்தமில்லாமல் ரொக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்களோ, 'அவங்களுக்கு டெக்னாலஜி வராது' என்று முடித்துவிடுகிறார்கள்.

போன் மட்டும் ஏன் பிடிக்கிறது?

அதே மக்கள் ஸ்மார்ட்போனை விரும்பிப் பயன்படுத்துவதையும் பார்க்கிறோம். காரணம் எளிமையானது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே செய்த தனிக்கருவி, 'நீ வேறு' என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். காது மெஷின் வாங்கியும் அதை மேஜை டிராயரிலேயே வைத்திருப்பவர்கள் பல வீடுகளில் உண்டு. போன் எல்லோர் கையிலும் இருப்பது. அதில் ஸ்க்ரீன் ரீடர் ஓடினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அறிமுகம் செய்த 'மணி' ஆப் இதற்கு நல்ல உதாரணம். ரூபாய் நோட்டை கேமரா முன் காட்டினால் அது எத்தனை ரூபாய் நோட்டு என்று குரலில் சொல்லும். இன்டர்நெட் தேவையில்லை. கடைக்காரர் கொடுத்த மீதி சரிதானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. செவித்திறன் குறைபாடு உடையவர்களுக்கு வீடியோ கால் இதே நிம்மதியைத் தந்தது. சைகை மொழியில் நேரடியாகப் பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்குத் தடை

எல்லோருக்கும் ஒரே தீர்வு போதும் என்று நினைப்பதில்தான் பல ஆப்கள் சறுக்குகின்றன. வாய்ஸ் மெசேஜ், பார்வையற்றவருக்கு வரம். காது கேளாதவருக்கு அது வெறும் கோடு. படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து டைப் செய்யச் சொல்லும் கேப்ட்சா, ரோபோவைத் தடுப்பதற்கு முன் பார்வையற்றவரைத் தடுத்துவிடும்.

கடைகளில் உள்ள கார்டு மெஷினையே பாருங்கள். பழைய மெஷின்களில் 5-ம் எண் பட்டன் மீது சின்னப் புள்ளி இருக்கும். விரலால் தடவியே பின் நம்பர் போட்டுவிடலாம். புதிதாக வரும் மெஷின்கள் பலவற்றில் வழுவழுவென்று தொடுதிரை மட்டும்தான். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் தனியாகப் பின் நம்பர் போட்டுக்கொண்டிருந்தவர் மறுபடி கடைக்காரரிடம் நம்பரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் கூடுதல் சிக்கல்

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய ஃபான்ட்களில் டைப் செய்த கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்கு அவை தமிழாகத் தெரியும். ஸ்க்ரீன் ரீடருக்கு அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் அறிவிப்புகளும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்படும் சுற்றறிக்கைகளும் பல நேரங்களில் இதே கதைதான். கல்வி உதவித்தொகை அறிவிப்பு இப்படி வந்தால், கடைசித் தேதி முடிந்த பிறகுதான் சிலருக்கு விஷயமே தெரியவரும்.

இப்போது நிலவரம் என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அதன் 42-வது பிரிவு மின்னணு ஊடகங்களும் தகவல்களும் அனைவரும் அணுகும் வகையில் இருக்க வேண்டும் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர்.

தீர்ப்புக்குப் பிறகு அசைவு தெரிகிறது. 2025 ஜூலையில் செபி, தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் டிஜிட்டல் தளங்கள் இந்தச் சட்டத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி கேஒய்சி விதிகளைத் திருத்தியது. 'நிஜ மனிதர்' சோதனை யாரையும் ஒதுக்கும்படி இருக்கக் கூடாது, விண்ணப்பத்தை நிராகரித்தால் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம்.

விதி வந்துவிட்டது. அது வங்கிக் கவுன்ட்டர் வரை வந்து சேர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

- வங்கியில் டிஜிட்டல் கேஒய்சி செய்ய முடியவில்லை என்றால், நேரில் செய்ய வேறு வழி கேளுங்கள். மறுத்தால் எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேளுங்கள்.
- முதலில் வங்கியிடம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.
- ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே 'அக்சசிபிலிட்டி' பகுதியில் டாக்பேக், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, லைவ் கேப்ஷன் போன்றவை இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களுக்குத் தேவையானதை ஆன் செய்து கொடுங்கள்.
- ஆன் செய்து கொடுத்த பிறகு, போனை அவர்கள் கையிலேயே விடுங்கள். 'குடுங்க, நானே பண்ணிடுறேன்' என்று பிடுங்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அடுத்த முறை அவர்கள் முயற்சியே செய்ய மாட்டார்கள்.