வெள்ளை என்னும் ஒரு சொல்

நகரி, சத்தியவேடு பக்கங்களில் தமிழ் பேசும் தாய்மார் 'வெள்ளைப்படுதல்' என்பர்; திருப்பதியைச் சூழ்ந்த சிற்றூர்களின் தெலுங்குத் தாய்மார் 'தெல்ல பட்ட' என்பர். இரண்டும் நிறத்தைக் கூறுகின்றனவேயன்றி நோயைக் கூறவில்லை. 'உடற்சூடு' என்ற விளக்கமும் உடன் வந்துவிடுவதால், மோரோடும் இளநீரோடும் பேச்சு முடிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பெரிய இடையூறாகவே தோன்றுகிறது.

கர்ப்ப காலத்தில் நாற்றமற்ற வெண்கசிவு சற்று மிகுவது இயற்கை. அதற்கு மருந்து வேண்டா. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து, நாற்றமும் அரிப்பும் சேர்ந்து வருமாயின், அது டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ் என்னும் ஒட்டுண்ணியால் நேர்ந்ததாகலாம். 1836-இல் பாரிஸ் நகரத்தில் ஆல்பிரட் டோனே என்பார் உருப்பெருக்கியின் வழியே கண்டறிந்த இவ்வோரணுவுயிர் உடலுறவால் பரவுவது. 2020-இல் உலகெங்கும் 15.6 கோடிப் புதிய தொற்றுகள் நேர்ந்தனவென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பனிக்குடம் முன்னதாக உடைதல், குறைமாதப் பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது.

சளியும் மலேரியா இரத்தமும் பார்க்கும் உருப்பெருக்கியே இதற்கும் போதும். ஆனால் கசிவை எடுத்த சில நிமிடங்களுக்குள் பார்த்தல் வேண்டும். தாமதித்தால் கிருமியின் அசைவு நின்று, இருந்தும் இல்லையென்ற முடிவு வரும்.

மெட்ரோனிடசோல் மாத்திரை நோயைத் தீர்க்கிறது. எனினும் அறிகுறியற்ற கர்ப்பிணிகளுக்கு அதனை அளித்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லையென 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆகவே எல்லாருக்கும் மாத்திரை வழங்குவது முறையன்று. கசிவுக்கென அரசு மருத்துவமனைகளில் வைத்துள்ள பச்சைநிறப் பொட்டலமும் கர்ப்பிணிக்கு அப்படியே பொருந்தாது. மருந்தை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும்.

மனைவிக்கு மட்டும் மருந்து தந்து அனுப்புவது பாதி வேலையே. ஆடவர் பெரும்பாலோர்க்கு அறிகுறியே தோன்றாது. அவர் மருந்துண்ணாவிடில் தொற்று மீண்டும் மனைவியிடமே வந்து சேரும். கணவரை அழைக்கும்போது 'பெண் சீக்கு' போன்ற பழஞ்சொற்களை ஊழியர் நாவில் கொணரலாகாது. இத்தொற்று பல மாதங்கள் ஓசையின்றி உடலில் தங்கக்கூடியதாகையால், யாரிடமிருந்து எப்பொழுது வந்ததென எவராலும் கூறவியலாது. இவ்வுண்மையை இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டு, அதன்பின் மாத்திரையை எடுத்துக் கொடுக்கலாம்.