"கல்ட்" படமும் புதிய பக்தியும்

சினிமாப் பேச்சில் இப்பொழுது "கல்ட் படம்" என்று ஒரு வார்த்தை புறப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டை டீக்கடை பெஞ்சுவரை அது வந்துவிட்டது. கல்ட் என்றால் இங்கிலீஷில் வழிபாட்டுக் கூட்டம் என்று பொருள். சாமியார் கூட்டத்துக்கு இடுகிற பெயரை ஒரு படத்துக்கு இட்டுவிட்டு, அதைப் புகழ்ச்சி என்றும் நினைத்துக் கொள்ளுகிறார்கள்.

எது அப்படிப்பட்ட படம்? பணம் குவித்ததெல்லாம் அல்ல. 1944-ல் வந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதன் நாயகர் தியாகராஜ பாகவதர் கொலை வழக்கில் சிறை சென்று 1947-ல் மீண்டு வந்து நடித்த படங்களையோ, மயங்கிக் கிடந்த அதே ஜனங்கள் சீந்தவில்லை. நம் ஊர்ப் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட பி.யு. சின்னப்பா "ஜகதலப்பிரதாபன்" படத்தில் ஐந்து பேராகத் தோன்றி ஒரே மேடையில் கச்சேரி செய்தார். 1951-ல் 35 வயதில் இறந்தார். அவருக்காக மல்லுக்கு நிற்க இன்று ஊரில் ஆளில்லை. இவை நடிகர் மேல் வைத்த பக்தி. அந்தப் பக்திதான் இன்றைக்குக் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறது. 2023 ஜனவரியில் ஒரு நட்சத்திரத்தின் படம் வெளியான அன்று, சென்னையில் லாரி மேலேறி ஆடிய 19 வயதுப் பிள்ளை விழுந்து செத்தான். பெற்றவளுக்கு யார் பதில் சொன்னார்கள்?

வேறு வகை ஒன்று உண்டு. "அன்பே சிவம்" 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தோற்றது. பிறகு டெலிவிஷனில் பார்த்தவர்கள் அதைத் தங்கள் சொத்தாக்கிக் கொண்டார்கள். விளம்பரக்காரன் அழைக்காமல் ஜனங்கள் தாமே தேடிப்போவதும், வசனத்தைத் தம் பேச்சில் கலப்பதும், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதுமே அந்த வகைக்கு அடையாளம்.

நிற்க. இந்த அடையாளம் முழுதும் பொருந்துவது "இரத்தக்கண்ணீர்". திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்த நாடகம், 1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷனில் படமாயிற்று. மோகனசுந்தரத்தின் குரலை இன்றும் பையன்கள் பேசிக் காட்டுகிறார்கள். சந்தோஷந்தான். ஆனால் முடிவில் அவன் செய்வதென்ன? தான் உயிரோடிருக்கும்போதே மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். குரலுக்குக் கைதட்டுகிறவர்களைக் கேட்கிறோம்: உங்கள் வீட்டில் இருபத்தைந்து வயதில் தாலியறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினீர்களா? குரலை எடுத்துக்கொண்டு கருத்தை விட்டுவிடுவது, கோவிலில் சுண்டலுக்குக் கை நீட்டுவதைப் போன்றதல்லவா?

நம் கருத்தைச் சொன்ன படம் என்பதற்காக அதிலுள்ள தப்பை மறைப்பதற்கும் இல்லை. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது என்று நார்வே வைத்தியர் ஹான்சன் 1873-லேயே கண்டார். படமோ, தாசி வீடே கதியென்று கிடந்ததற்குக் கிடைத்த தண்டனைபோல் அதைக் காட்டுகிறது. பாவத்தின் பலன் என்று வைதீகன் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்நோய் தீர்ந்துவிடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். அடுத்த முறை படத்தைப் போட்டுப் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதையும் சொல்லுங்கள்.