பழைய சைக்கிளுக்குப் பெயர் ஒட்டுமுன்

நமது கடைகளின் பின்கட்டில், காலி எண்ணெய் டின்களுக்கும் மடித்துப் போட்ட சாக்குகளுக்கும் நடுவே ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து கிடப்பது புதிய காட்சியல்ல. பெரிய கேரியர், கம்பி பிரேக், தோல் சீட்டு. மண்டியிலிருந்து மூட்டை சுமந்து கடையை வளர்த்த வண்டி அது. இப்போது பலருக்கும் அதைப் புதுப்பித்து முன்வாசலில் நிறுத்தும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால், பெயிண்ட் அடித்த கையோடு ஸ்டிக்கரையும் ஒட்டி மாலைக்குள் வண்டியைக் கொடு என்று சைக்கிள் கடைக்காரரை விரட்டுகிறோமே, அதைப் பற்றி நமது உறுப்பினர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிளில் சமமான பரப்பு என்பது அனேகமாகக் கிடையாது. பெயர் எழுதும் சாய்வுக் குழாயின் குறுக்களவு பெரும்பாலும் 28 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சுற்றளவு சுமார் 9 சென்டிமீட்டர். சீட்டுக் குழாயைச் சுற்றி வரும் வண்ணப் பட்டையை 2 டிகிரி சாய்த்துத் தொடங்கினால், சுற்றி வந்து சேரும்போது இரு முனைகளும் 3 மில்லிமீட்டர் விலகி நிற்கும். கடைக்கு வருகிற எவர் கண்ணிலும் அது படும்.

குழாயாவது ஒரு பக்கம் மட்டுமே வளைந்தது. மட்கார்டும், ஃபோர்க்கின் தோள்பட்டையும், விளக்குக் குடுவையும் இரண்டு பக்கமும் வளைந்தவை. இந்த வேறுபாட்டை மளிகைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். டப்பாவில் லேபிள் சுருக்கமின்றிச் சுற்றும். அதே காகிதத்தால் தேங்காயைச் சுற்றிப் பாருங்கள், எத்தனை மடிப்பு விழுகிறது! அங்கே இழுத்து அழுத்தினால் எழுத்து கோணும், இல்லையேல் ஓரம் கிழியும். ஓரத்தில் கத்தி முனையால் சிறு கீறல்கள் போட்டு, சிறிது சிறிதாகப் படிய விடுவதே வழி.

தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் பழைய பாணி ஒட்டுப்படமானால் முறை இது. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊற வைத்து வெளியே எடுத்து, படம் தானாக நழுவும் வரை காத்திருக்க வேண்டும். பிய்த்து எடுக்கலாகாது. ஒட்டும் இடத்தையும் நனைத்துக்கொண்டால் படத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். காற்றுக் குமிழ் நின்றால் ஊசியால் குத்தி ஒற்றலாம். வளைவில் படியாத இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் வைத்தால் படம் இளகிப் படியும். ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகே மேலே வார்னிஷ்; அதுவும் மிக மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. தின்னர் தூக்கலாகிவிட்டால் ஒட்டிய படம் சுருண்டுவிடும் என்பதால், மிஞ்சிய துண்டொன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

‘வினைல் ஸ்டிக்கர் போதாதா?’ என்பார் சிலர். தினம் மூட்டை சுமக்கும் வண்டிக்குத் தாராளமாகப் போதும். சோப்பு நீர் தெளித்து ஒட்டி, இளஞ்சூடு காட்டினால் அது வளைவுக்கும் ஓரளவு இசையும். சூடு மிகுந்தால் எழுத்து நீண்டுவிடும், அவ்வளவே. எதை ஒட்டினாலும் அடியிலுள்ள பெயிண்ட் முழுதாக இறுகியிருக்க வேண்டும். தொட்டால் ஒட்டாத எனாமல் உள்ளே இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் வினைலை மூடினால் சில நாளில் கொப்புளம்தான். ஒரு வாரமாவது விடுங்கள்.

இத்தனை வேலைக்கும் நாம் தரும் கூலி என்ன? பெயிண்ட் கூலி பேசுகிறோம், பேரிங் விலை பேசுகிறோம். ஸ்டிக்கரை மட்டும் ‘அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடுப்பா’ என்று கொசுறாகக் கேட்கிறோம். கொத்தமல்லிக் கொசுறு கேட்கும் வாடிக்கையாளரைப் பற்றி அலுத்துக்கொள்ளும் நாமே இப்படிக் கேட்கலாமா? அவருக்குத் தனிக் கூலி பேசி, நாளும் கொடுக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

இன்னொன்றும் உண்டு. 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டி நம்மில் பலரிடம் இருந்தது. அது குறைந்த வண்டியா? ஆனாலும், எந்த ஊர்ச் சட்டமாக இருந்தாலும் அதன் மேல் இங்கிலாந்துப் பெயரை ஒட்டிப் பழம்பொருள் விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் சிலரிடம் தலைகாட்டுகிறது. உள்ளே ஒரு சரக்கும் வெளியே வேறு லேபிளுமாக விற்பதை மளிகையில் நாம் எந்தப் பெயரிட்டு அழைப்போம்? பிறருடைய பதிவு பெற்ற சின்னத்தை அனுமதியின்றிப் பொய்யாகப் பொருளில் இட்டு விற்பது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி குற்றமும் ஆகும். அந்த வண்டிக்கு உரிய பெயரையே மறு அச்சாக ஒட்டி விற்றாலும், ‘ஸ்டிக்கர் புதியது, பெயிண்ட் புதியது’ என்று பில்லில் ஒரு வரி எழுதிவிடுவது வியாபாரிக்கு அழகு. விவரம் தெரிந்து வாங்குகிறவர் அதற்காக முகம் சுளிப்பதில்லை.

பாதி அழிந்த பழைய எழுத்து சட்டத்தில் இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம் என்றே சொல்வோம். பளபளக்கும் புது எழுத்தைவிட மங்கிய அசலுக்கே மதிப்புத் தருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால், சுரண்டுவதற்கு முன்பாக பட்டர் பேப்பரை வைத்து எழுத்தின் அளவையும், அது குழாயின் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு புகைப்படமும் எடுங்கள். ஸ்டிக்கர் அடிப்பவருக்கு அது போதும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வண்டி தயாராக வேண்டுமென்று நினைப்பவர்கள், வியாபாரம் மந்தமான ஆடியிலேயே அதைச் சைக்கிள் கடைக்கு அனுப்பிவிடுவது நல்லது. புரட்டாசிக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரிடம் முன்னால் வந்த பத்து வண்டிகள் காத்திருக்கும்.