ஒரே கேபிளில் ரெண்டு கம்பெனி வரக்கூடாதா?

கேள்வி: ‘எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை அரசாங்க ஃபைபர் கேபிள் வந்துவிட்டது என்கிறார்கள். ஆனால், வீடுகளுக்கு இன்டர்நெட் தருவது ஒரே ஒருவர்தான். அவர் கேட்பதுதான் கட்டணம். காற்று மழைக்கு அறுந்தால் சரிசெய்யப் பத்து நாளாகிறது. மகள் ஆன்லைனில் படிக்கிறாள். நெல் கொள்முதலுக்கும் ஆன்லைனில்தான் பதிய வேண்டியிருக்கிறது. வேறு கம்பெனி அதே அரசாங்க கேபிளில் எங்களுக்கு இணைப்பு தர முடியாதா?’

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: தர முடியும். அந்த கேபிள் போடப்பட்டதே அதற்காகத்தான்.

2011-ம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. இப்போது ‘பாரத்நெட்’ என்று பெயர். தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தை மாநில அரசின் ‘தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம்’ (டான்ஃபிநெட்) செய்கிறது. 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய். கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. செல்போன் கம்பெனிகளின் வருவாயிலிருந்து அரசு பிடிக்கும் தொகையில் சேர்ந்த நிதிதான் பாரத்நெட்டுக்கு மூலதனம். ஆக, ஒவ்வொரு ரீசார்ஜிலும் விவசாயியின் பங்கும் அதில் இருக்கிறது.

இந்த கேபிளை மொத்த வியாபாரி என்ற கணக்கில்தான் அமைத்தார்கள். எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும், உள்ளூர் கேபிள் ஆபரேட்டரும், பாரபட்சமில்லாத நிபந்தனையில் வாடகைக்கு எடுத்து வீடுகளுக்கு விற்கலாம். வாடகை இரண்டு விதம். கேபிளுக்குள் தலைமுடி கனத்தில் பல கண்ணாடி இழைகள் இருக்கும். அதில் ஒன்றை அப்படியே குத்தகைக்கு எடுத்து, தன் கருவியைப் பொருத்தி ஓட்டுவது ஒன்று. இழையைத் தொடாமல், ‘இவ்வளவு வேகம் வேண்டும்’ என்று அளந்து வாங்குவது இன்னொன்று. வாய்க்காலையே குத்தகை எடுப்பதற்கும், மணிக்கணக்கில் தண்ணீர் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஏன் பங்கு போட வேண்டும், ஆளாளுக்குத் தனி கேபிள் போட்டுக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். இழை மலிவு. பள்ளம் தோண்டுவதும், கம்பத்தில் இழுப்பதும், அனுமதி வாங்குவதும்தான் செலவு. 150 வீடு உள்ள ஊரில் முதல் கேபிளுக்கே போட்ட பணம் மெதுவாகத்தான் திரும்பும். இரண்டாவது கேபிள் போட யார் வருவார்? ஒரே வயலுக்கு யாரும் இரண்டு வாய்க்கால் வெட்டுவதில்லை.

அதனால் கேள்வி, கேபிள் எத்தனை என்பதல்ல. அந்த ஒற்றை கேபிள் யார் கையில் இருக்கிறது என்பதுதான். ஏரிப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடை திறந்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, பல ஊர்களில் நிலமில்லாதவராகவே இருந்தார். (அவருக்கு ஏன் நிலமில்லை என்பதில் சாதியின் கதை இருக்கிறது. அதை நியாயம் என்று சொல்ல முடியாது.) ஆனால், தனக்கென ஆயக்கட்டில் வயல் இல்லாததால், எந்த வயலுக்கு முதலில் திறப்பது என்பதில் அவருக்குச் சொந்த ஆதாயம் இல்லை. கேபிளை வைத்திருப்பவரே வீட்டு இணைப்பும் விற்றால், நீர்க்கட்டிக்கு வயல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது என்னவெல்லாம் நடக்கும்? ‘யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம்’ என்று காகிதத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, தன் வாடிக்கையாளருக்கு மாதம் 500 ரூபாய்க்கு விற்பவர், போட்டிக்காரரிடம் மொத்த விலையாக 470 ரூபாய் கேட்பார். மிச்சம் 30 ரூபாயில் ஆள் சம்பளமும் மோடமும் பில் வசூலும் நடத்த முடியாது. மறுத்ததாகவும் ஆகாது, கொடுத்ததாகவும் ஆகாது. போட்டிக்காரரின் இணைப்பு அறுந்தால் ஆள் அனுப்பத் தாமதமாகும், தன்னுடையது அறுந்தால் அன்றைக்கே ஏணி வந்துவிடும்.

பால் பண்ணைகளுக்குப் பேர்போன நியூசிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 2011-ல் அரசின் ஃபைபர் திட்டத்தில் சேர விரும்பிய அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனம், இரண்டாகப் பிரிய வேண்டியிருந்தது. வீடுகளுக்குப் போகும் கேபிள் ‘கோரஸ்’ என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. கோரஸ் வீடுகளுக்கு நேரடியாக இணைப்பு விற்கக்கூடாது. கேட்கும் எல்லா சில்லறை நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் தர வேண்டும். அங்கே ஒரு வீட்டுக்காரர் கம்பெனி மாறினால் கேபிள் மாறுவதில்லை, பில் அனுப்புபவர்தான் மாறுகிறார். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் 2022-ல் முடிந்தபோது மக்கள்தொகையில் சுமார் 87 சதவிகிதம் பேரை எட்டியது. நகரமும் சிற்றூரும் அதில் அடக்கம். தூரத்துப் பண்ணைகளில் பெரும்பாலானவை ரேடியோ அலையையும் செயற்கைக்கோளையும்தான் நம்பியிருக்கின்றன. போட்டிக்கு வழி செய்வது வேறு, கடைசி வீடு வரை கேபிள் போவது வேறு.

நம் ஊர்களில் சிக்கல் இந்தக் கடைசித் துண்டில்தான். ஊராட்சி அலுவலகம் வரை அரசு கேபிள். அங்கிருந்து வீட்டு வாசல் வரையிலான சில நூறு மீட்டரை யார் இழுத்தாரோ, அவர் வைத்ததுதான் சட்டம். முன்னது பொதுவாக இருந்தும் பின்னது ஒருவர் கையில் என்றால், பொது கேபிளால் பெரிய பலன் இல்லை. ‘பாரத்நெட் உத்யமி’ என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்களே இணைப்பு கொடுத்துப் பராமரிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அதே ஊரில் இன்னொருவர் வர அது ஒரு வாசல்.

கேள்வி கேட்ட வாசகர் முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், கேபிள் வந்துசேரும் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கேபிள் வந்தும் கருவி ஓடவில்லை என்றால் மற்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடுகிறது என்றால், அதிலிருந்து இணைப்பு எடுத்திருப்பவர் யார், வேறு யாராவது கேட்டு மறுக்கப்பட்டார்களா என்பதைக் கிராம சபையில் கேட்டுப் பதிவு செய்யலாம். வாய்மொழியாகப் பதில் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட வேண்டும்.

கூடவே, இணைப்பு வேண்டும் என்கிற முப்பது, நாற்பது வீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியலைக் கையெழுத்தோடு தயார் செய்து, பக்கத்து ஊரில் சேவை தருபவரிடம் காட்டலாம். ஒரு வீட்டுக்காக யாரும் கம்பம் ஏறமாட்டார்கள். நாற்பது வீடு என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

அதுவரை இப்போதைய இணைப்புக்கு ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுவதே பாதுகாப்பு. மோடம் யாருடையது, விலகினால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுந்த இணைப்புக்கு ஒவ்வொரு முறையும் புகார் எண் கேட்டு வாங்கி, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். டிராய் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. புகார் எண் இல்லாமல் போனால் அங்கே மனு நிற்காது.