சாமி பார்த்துக்கும், பல்லை யார் பார்ப்பது?

யாத்திரைக்குப் போகிறவர்கள் வாங்கும் மருத்துவச் சான்றிதழைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயுள் முழுக்க அரசாங்க குமாஸ்தாவாக ஃபைல் புரட்டியவன் நான். காகிதத்தின் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, சந்தேகமும் உண்டு. இந்தச் சான்றிதழ் விஷயத்தில் சந்தேகம்தான் ஜாஸ்தி.

நம் இந்து சமய அறநிலையத் துறை 2022-23-ல் ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு மூத்த குடிமக்களை இலவசமாக அழைத்துப்போகும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருடம் 200 பேர். பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அறுபடை வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு பயணம் வந்தது. இரண்டுக்கும் வயது 60-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், போதிய உடல்தகுதியும் அதற்கான மருத்துவச் சான்றும் வேண்டும். நல்ல நிபந்தனை. (எனக்கு 74. ஆகவே எந்த சுயநலமும் இல்லாமல் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் அந்தச் சான்று எப்படி வாங்கப்படுகிறது? "டாக்டர், காசிக்குப் போறேன், ஒரு ஃபிட்னஸ் போட்டுக் குடுங்க." டாக்டரும் தெரிந்தவர். பெயர், வயது, இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று எழுதி, நான் இவரைப் பரிசோதித்தேன், ஆரோக்கியமாக இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டு சீல் அடித்துவிடுகிறார். நாடி பிடித்துக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் பென்ஷன்காரர்கள் வருடாவருடம் உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம். அதற்கு ஆள் உயிரோடு இருந்தால் போதும். யாத்திரைச் சான்றையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒருவர் சிரிக்கிறார். "என்ன சார் நீங்க, காசியில உயிர் போனா மோட்சம்தானே? சாமி பார்த்துக்கும்." நான் சொன்னேன், மோட்சம் உங்களுக்கு சார், ரயிலில் கூட வருகிற மற்றவர்களுக்கு என்ன? ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கோஷ்டியே நிற்கிறது. துறை ஊழியர் ஒருவர் பாஷை தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். மலைக்கோயில் என்றால் டோலி தூக்குகிறவன் உங்களையும் சுமந்துகொண்டு மழையில் இறங்க வேண்டும்.

அமர்நாத்தில் 2012-ஆம் வருடம் ஒரே சீசனில் 90 பேருக்கு மேல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் குறிப்பிட்ட டாக்டர்களிடம் குறிப்பிட்ட படிவத்தில் சான்று வாங்கினால்தான் அனுமதி என்று கெடுபிடி வந்தது. கைலாஷ் மானசரோவர் யாத்திரை இன்னும் கறார். வெளியுறவுத் துறை நடத்துவது. வயது 18 முதல் 70. உயரத்துக்கேற்ற எடை, அதாவது பி.எம்.ஐ. 25-க்கு மேல் போகக் கூடாது. நீங்கள் ஊரில் வாங்கிவந்த காகிதத்தை அங்கே மதிப்பதே இல்லை. டெல்லியில் அவர்களே பரிசோதிக்கிறார்கள். லிபுலேக் வழியாகப் போனால் குஞ்சி என்ற இடத்தில், மலை ஏறிய பிறகு, மறுபடியும் ஒரு பரிசோதனை. அங்கே ரத்த அழுத்தம் எகிறியிருந்தால் திரும்பிப் போ என்று சொல்லிவிடுவார்கள். கொடுமை மாதிரி தெரியும். டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அங்கே போய் மூச்சு முட்டுவதைவிட குஞ்சியில் அழுதுவிட்டுத் திரும்புவது மேல்.

ஹஜ் போகிறவர்களைப் பாருங்கள். 1987-ல் ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவி, திரும்பிப் போனவர்கள் மூலம் பல நாடுகளுக்குப் போயிற்று. அன்றிலிருந்து தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் விசா கிடையாது. யாரும் "அல்லா பார்த்துக்கொள்வான்" என்று ஊசியைத் தட்டிக்கழிப்பதில்லை.

சபரிமலைக்குத்தான் எந்தச் சான்றும் தேவையில்லை. நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தில் வருடாவருடம் மாரடைப்பில் ஆட்கள் போகிறார்கள். கேரள சுகாதாரத் துறை ஒவ்வொரு சீசனிலும் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு: விரதம் என்று சொல்லி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மலைக்கு வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே நடந்து பழகுங்கள். மாத்திரையை நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை என்ன கறியா மீனா?

சரி, ஏன் பரிசோதனை என்றால் ஓடுகிறோம்? தடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான். முக்கியமாக வீட்டுப் பெண்கள். நாற்பது வருடம் சமையல்கட்டில் கிடந்துவிட்டு முதல் தடவையாகக் கங்கையைப் பார்க்கக் கிளம்புகிற அம்மா, முட்டிவலியையும் தலைசுற்றலையும் வாயே திறக்காமல் மறைத்துவிடுவாள். சொன்னால் பிள்ளை டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். இதில் தப்பு அவள் பேரில் இல்லை, பிள்ளை பேரில். இரண்டு மாதம் முன்னாடியே அழைத்துப்போய்க் காட்டினால் ரத்தசோகைக்கு மாத்திரை கொடுப்பார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள், அவள் நிம்மதியாகப் போய்வருவாள். பரிசோதனை அனுப்பிவைப்பதற்குத்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் போய் நின்றால்தான் அது தடுப்பதாக ஆகிவிடுகிறது.

இப்போது பல்லுக்கு வருகிறேன். இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், சர்க்கரைக்காரர், கடைவாயில் சொத்தைப் பல்லோடு பத்ரிநாத் கிளம்பினார். கிராம்பு வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். மூன்றாம் நாள் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, சோறு இறங்காமல், சோறு இறங்காததால் சர்க்கரை மாத்திரையும் போட முடியாமல், ஜோஷிமட்டில் பல் டாக்டரைத் தேடி பஸ் முழுக்க அரை நாள் காத்திருந்தது. அவர் தரிசனமே பண்ணாமல் ரூமில் படுத்திருந்தார்.

உயரத்துக்குப் போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது. சொத்தைக்குள்ளோ சரியாக அடைக்காத பல்லுக்குள்ளோ மாட்டிய காற்று விரியப் பார்க்கிறது. சமவெளியில் சும்மா இருந்த பல் மலையில் உயிரை எடுப்பது அதனால்தான். விமானத்திலும் இது உண்டு. சர்க்கரை இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல்லில் உள்ள கிருமி இதயம் வரை போகலாம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் 'விசித் மெதிக்கால்' என்று டாக்டர் வந்தால் முதலில் "வாயைத் திற" என்பார். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தாக்கள் சொல்வார்கள், அங்கேயும் பல்லை எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. நெப்போலியன் காலத்தில் வெடிமருந்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார்கள். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் துப்பாக்கியில் கொட்ட வேண்டும். முன்பல் இல்லாதவன் படைக்கு உதவமாட்டான். போருக்குப் பயந்து முன்பல்லைத் தட்டிக்கொண்டவர்களும் உண்டு. நாம் தலைகீழ். பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே படைக்குக் கிளம்புகிறோம்.

செலவு என்பார்கள். கேளம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளினிக்கை விட அங்கே செலவு குறைவு, காத்திருக்க மட்டும் பொறுமை வேண்டும். பென்ஷன்காரனிடம் வேறு எது இல்லாவிட்டாலும் நேரம் இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே போங்கள். பிடுங்கின இடம் ஆற வேண்டும், வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள், பல்செட் கட்ட வாரக்கணக்கில் ஆகும்.

அறநிலையத் துறைக்கு ஒரு யோசனை. மருத்துவச் சான்று என்று மொட்டையாகக் கேட்காமல் நீங்களே அரைப்பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்துக் கொடுங்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, இ.சி.ஜி. எடுத்த தேதி, சாப்பிடும் மாத்திரைகள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, பல்லைப் பார்த்தது யார். எண்ணை எழுத வேண்டும் என்றால் டாக்டர் கருவியைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும், இது குமாஸ்தா அனுபவம். அடியில் 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று போடாமல், 'போகலாம்', 'இதைச் சரிசெய்துகொண்டு அடுத்த கோஷ்டியில் போகலாம்' என்று இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டாவது கட்டத்தில் டிக் வாங்கியவருக்கு அடுத்த கோஷ்டியில் ஓர் இடம் ஒதுக்கிவையுங்கள். அப்புறம் யாரும் எதையும் மறைக்கமாட்டார்கள்.